ஷிர்யான், வரீத், ஓர் ஆட்டு இதயம்

ஓமானில் பதினோரு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியபோது, என் அரபி இனிமேல் யாருக்கும் உதவாது என்றுதான் நினைத்தேன். சர்ச்சில் அதில் பாட முடியாது, காய்கறிக் கடையில் பேரம் பேச முடியாது. கோபம் வந்தால் மட்டும் வீட்டில் அரபியில் திட்டுவேன். என் கணவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் சண்டை வளராது. அந்த வகையில் மட்டும் அது குடும்பத்துக்கு நன்மை செய்துகொண்டிருந்தது.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓமானில் என்னோடு இருந்த சிநேகிதிகள் இன்னும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு என்று யாராவது கலங்கி நின்றால், மதுரையில் நமக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி அனுப்புவார்கள். அப்படி ஒன்று, இரண்டு என்று குடும்பங்கள் வர ஆரம்பித்தன. நான்தான் அவர்களை வாசலில் போய் அழைத்துவருவேன், டாக்டர் சொல்வதைச் சொல்வேன், இட்லிக்கு எதைத் தொட்டுக்கொள்வது என்றும் சொல்வேன்.

என்னுடைய அரபி வார்டு அரபி. எங்கே வலிக்கிறது, மூச்சை இழு, கையை நீட்டு, ஊசி போட்டாயிற்று, அழாதே. துப்புரவு செய்த பெண்களிடமும் படுக்கையில் கிடந்த பாட்டிமார்களிடமும் காதால் பிடித்த மொழி. படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுத வராது. ஆகவே சிகிச்சையைப் பற்றிக் குடும்பத்துக்குக் கொடுக்கும் இரண்டு பக்கத் தாளை, அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்திலிருந்து கைபேசியில் போட்டு அரபியாக மாற்றி அச்சடித்து வைத்திருந்தார்கள். ஒருநாள் ஓமானின் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கடைசி வரை படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“என் பிள்ளையின் நெஞ்சில் எத்தனை கப்பல்கள் இருக்கின்றன, சிஸ்டர்?” என்று கேட்டார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் தாளை வாங்கி எழுத்துக்கூட்டினேன். இதயத்தின் கப்பல்கள், நுரையீரலின் கப்பல்கள் என்றே போட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரத்தக் குழாய்க்கும் பாத்திரத்துக்கும் கப்பலுக்கும் ஒரே சொல், வெஸல். கைபேசி அதில் கப்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மரக்கலம் கட்டும் பரம்பரையில் வந்த மனிதரிடம் போய் அதைக் கொடுத்திருந்தோம்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அதிர்ந்து சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது.

“சிரிச்சிட்டோம் சிஸ்டர். ஆனா அந்த மனுசன் அதுக்குக் கீழதான் கையெழுத்துப் போட்டிருக்காரு” என்றார்.

அடுத்து ஓமானிலிருந்து ஒரு குடும்பம் மூன்று வாரத்தில் வர இருந்தது. அதற்குள் ஒழுங்கான தாள் ஒன்று வேண்டும் என்றார். எழுத்தரபி தெரிந்த ஆளைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் வார்டில் படுக்கை மாற்றும் அம்மா மேலூர்க்காரர். அவர் தெருவில் ஓர் ஆலிமா இருப்பதாகச் சொன்னார். ஆலிமா என்றால் மார்க்கக் கல்வி படித்துப் பட்டம் வாங்கிய பெண். அங்கே பெண்களுக்கான மதரஸாவில் அரபி இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர். மறுநாளே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மனதுக்குள் வயதான, கண்டிப்பான ஓர் அம்மாளை நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் முருங்கைக்கீரை. உள்ளே வாங்கக்கா என்று கூப்பிட்டு, கீரையை என் மடியில் பாதி போட்டு, உருவிக்கொண்டே சொல்லுங்கள் என்றாள்.

நான் கப்பல் கதையைச் சொன்னேன். அவள் முதலில் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தாள். ஒரு வரியில் வினைச்சொல் ஆண்பாலில் இருக்கிறது, அடுத்த வரியில் அதே ஆள் பெண்பாலாகிவிட்டார் என்று வருத்தப்பட்டாள். கப்பல் பக்கம் வந்ததும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“எனக்குப் புரியாத எதையும் நான் எழுத மாட்டேன்க்கா. நீங்க எனக்கு முதல்ல நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.”

வாரத்தில் மூன்று நாள் டியூட்டி முடிந்ததும் மேலூர் போனேன். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள் அவள். தமனி, சிரை என்ற சொற்கள் ஞாபகத்தில் இருந்தன. எது எது என்பது மறந்துபோயிருந்தது. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி போடக் கிடைக்காததும் நரம்பு, கோபத்தில் புடைப்பதும் நரம்பு, சுளுக்கிக்கொள்வதும் நரம்பு. தமனி, சிரை, நரம்பு என்று தமிழிலேயே மூன்றாகப் பிரித்துவிட்டு அப்புறம்தான் அரபிக்குப் போக முடிந்தது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகிற குழாய் தமனி, அரபியில் ஷிர்யான். இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை, அரபியில் வரீத். நுரையீரல் ரிஆ. இதயம் கல்பு; அது அவளுக்கும் எனக்கும் பழைய சிநேகம்.

சில சொற்கள் வந்து விழுந்தபோது இரண்டு பேருக்கும் பண்டிகையாக இருந்தது. இதயத்தின் தசைக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்கள் அதன் தலையைச் சுற்றிக் கிரீடம் மாதிரி படர்ந்திருக்கும். அதற்கு அரபியில் என்ன என்று கேட்டேன். அவள் அகராதியைப் புரட்டி, நிமிர்ந்து, தாஜ் என்றாள். தாஜ் என்றால் கிரீடம்; தாஜ்மகால் புண்ணியத்தில் அந்தச் சொல் மதுரையில் எந்த ஆட்டோக்காரர் வாயிலும் வரும். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, இந்த மனுசன் நெஞ்சுக்குள்ளும் ஒரு கிரீடம் இருக்கிறது, அது தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

முதல் பிரதி தயாரானது. அவளுடைய கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. நான் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போனேன். நுரையீரல் தமனி என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ‘வரீத் ஷிர்யானீ’ என்று எழுதியிருந்தாள். தமனி போன்ற சிரை என்று அர்த்தம். கீழே நுரையீரல் சிரைக்கு ‘ஷிர்யான் வரீதீ’, அதாவது சிரை போன்ற தமனி. இரண்டும் தலைகீழாக இருந்தன.

மாறிப்போய்விட்டது என்றேன். மாறவில்லை என்றாள். அவள் மாமனார் விட்டுப்போன பெரிய அகராதி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அட்டை கழன்று துணியால் கட்டப்பட்டது. அதைத் திறந்து காட்டினாள். அதில் அப்படித்தான் இருந்தது. ஓமானில் எந்த டாக்டர் வாயிலும் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அவர்கள் நுரையீரல் தமனியை ஷிர்யான் ரிஅவீ என்று நேராகச் சொல்வார்கள். அகராதிக்காரர் குழம்பிவிட்டார் போல என்றேன். அவளுக்கு முகம் சுருங்கியது. அத்தனை பெரிய அகராதி எழுதினவர் இதயத்தில் மட்டும் குழம்புவாரா என்று கேட்டாள். இதை அப்படியே கொடுத்தால் வருகிற குடும்பம் ஒரு குழாயை இன்னொரு குழாயாகப் புரிந்துகொள்ளும், அது கப்பலைவிட மோசம் என்றேன். பிறகு அவள் அகராதியைக் கட்டி வைத்தாள்.

“புரியாததை எழுத மாட்டேன்னு சொன்னேன்ல. இப்ப எனக்குப் புரியலக்கா. படத்துல பாத்தா போதாது.”

அவளுடைய அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம். ஈரக்குலையைப் பிரிக்காமல் அப்படியே வேண்டும், இதயமும் நுரையீரலும் மூச்சுக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும், குழாய்களை நீளமாக விட்டு அறுக்க வேண்டும் என்று தங்கை பட்டியல் போட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“குழம்புக்கா, வறுவலுக்கா?”

“பாடத்துக்குண்ணே” என்றாள் அவள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் வீடு வரை கூடவே வந்து, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பெரிய தாம்பாளத்தில் அதைப் போட்டுக் கழுவினோம். நான் மருத்துவமனைக் கையுறை போட்டுக்கொண்டேன். அவளுக்கும் ஒரு ஜோடி கொடுத்தேன். மூச்சுக்குழாயில் சைக்கிள் பம்பு ட்யூபைச் செருகி அவள் அண்ணன் காற்றடித்தார். சுருங்கிக் கிடந்த நுரையீரல் மெல்லப் பொங்கி, வெளுத்து, தாம்பாளத்தை விட்டு வெளியே வந்தது. இருபது வருடமாக ஆடு அறுக்கிறவர், இம்புட்டுப் பெருசா ஆகும்னு தெரியாதே என்று மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார்.

நான் இதயத்தின் வலது பக்கத்தைக் கீறி, விரலை உள்ளே விட்டு மேல்நோக்கித் தள்ளினேன். விரல் ஒரு குழாய்க்குள் போய், நுரையீரல் பக்கம் எட்டிப்பார்த்தது. இதுதான் நுரையீரல் தமனி என்றேன். அதில் ஒரு சிவப்புத் தையல்நூலைக் கட்டினேன். நுரையீரலிலிருந்து இடது பக்கத்துக்குள் வருகிற குழாய்களில் நீல நூல் கட்டினேன். தொட்டுப் பார் என்று அவளிடம் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொட்டவள், அப்புறம் விடவே இல்லை. சிவப்பு நூல் கட்டிய குழாய் கனமான சுவரோடு, வாய் திறந்து வட்டமாக நின்றது. நீல நூல் கட்டியவை ஈரத்துணி மாதிரித் துவண்டு படிந்தன. மாற்றி மாற்றி விரலால் நெருடினாள். வலது பக்கத்துக்குள் எல்லாம் சிரைகள்தானே வந்து சேருகின்றன என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் வலது பக்கத்துக் குழாய் எல்லாம் இந்தப் பேரை வைத்த அந்தக் காலத்துக்காரர்களுக்குச் சிரைதான், இல்லையா என்றாள். எனக்கு அப்போதுதான் பிடிபட ஆரம்பித்தது.

“சிரை பக்கத்துல இருக்கு, ஆனா சுவரு தமனி மாதிரி இருக்கு. அதான் தமனி மாதிரி சிரை. அந்தப் பக்கம் இருக்கது தமனிப் பக்கத்துக்காரன், ஆனா சிரை மாதிரி மெல்லிசு” என்றாள். கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க குழம்பலக்கா. தொட்டுப் பாத்து எழுதிருக்காங்க.”

எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் இதே மாதிரி ஒரு ஈரக்குலையை முன்னால் வைத்துக்கொண்டு விரலால் நெருடிப் பேர் வைத்திருக்கிறார். இன்றைக்கு இரத்தம் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்துப் பேர் சொல்கிறோம். அவர் சுவரையும் பக்கத்தையும் வைத்துச் சொல்லியிருக்கிறார். அகராதிக்கும் அவமானம் இல்லை, எனக்கும் இல்லை. தாளில் இன்றைய பேரையே எழுதுவது என்று உடனே முடிவாயிற்று. ஆனால் பழைய பேர் எதற்காக வந்தது என்று தெரிந்த பிறகு எழுதியதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பாடம் முடிந்ததும் இதயத்தைத் துண்டு போட்டு, நிறைய மிளகு சேர்த்து வறுத்துவிட்டாள். ஷிர்யானையும் வரீதையும் சுடுசோற்றோடு சாப்பிட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

இரண்டாவது பிரதியை அவளையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, ஓமானில் இருந்த என் சிநேகிதிக்கு அனுப்பினேன். அவள் அந்த ஊர்க்காரி, என்னோடு வேலை பார்த்த நர்ஸ். பத்து நிமிடத்தில் குரல்பதிவாகப் பதில் வந்தது. எவ்வளவு அழகான அரபி, ஒரு பிழைகூட இல்லை, வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் பயந்துபோயிருக்கிற ஒரு தாய்க்கு யாராவது பிரசங்கம் செய்வார்களா என்று கேட்டிருந்தாள்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆலிமாவிடம் அப்படியே போட்டுக் காட்டினேன். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பதினாலு வருடமாக அரபி சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் இதுவரை ஓர் அரபியரிடம்கூட அரபியில் பேசியதில்லை என்றாள். நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. இலக்கணமே தெரியாமல் பதினோரு வருடம் நாள் முழுக்கப் பேசியவள் நான். இலக்கணம் முழுக்கத் தெரிந்து பேச ஆள் இல்லாமல் இருந்தவள் அவள்.

அன்றிலிருந்து வேலை வேறு மாதிரி நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் நான் வார்டில் சொல்வது போலச் சொல்வேன். அவள் அதைப் பிழையில்லாமல், ஆனால் நீளாமல் எழுதுவாள். எங்கேயாவது அவள் அலங்காரமாக ஒரு சொல்லைப் போட்டால் பிரசங்கம் என்பேன். நான் கொச்சையாக ஒன்றைச் சொன்னால் ஒட்டகச்சந்தை என்பாள். இரண்டு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று.

குடும்பம் வந்து சேர்ந்தது. அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண்குழந்தை. மலையடிவாரத்தில் பேரீச்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். குழந்தை வயதுக்கு மிகவும் மெலிந்திருந்தாள். பத்தடி நடந்தால் அம்மாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே, தாயின் வயிற்றில் இருக்கும்போது ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு மூடவில்லை. தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அந்த வாயை அடைத்துவிட்டால் போதும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு ஆலிமாவையும் வரச் சொல்லியிருந்தேன். புது பர்தா போட்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்ததாகச் சொன்னாள். அறைக்குள் நுழைந்தோம். சலாம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லின் கடைசி உச்சரிப்பையும் விடாமல், பயணம் சுகமாக இருந்ததா என்று அந்த அம்மாவை விசாரித்தாள். பெற்றோர் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். அதுவரை முகத்தை அம்மாவின் மடியில் புதைத்திருந்த குழந்தை தலையைத் தூக்கினாள். ஆலிமாவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் காதில் சொல்ல நினைத்ததை அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

“இந்த அம்மா கார்ட்டூன் மாதிரி பேசுறாங்க.”

அரபு நாடுகளில் குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன்களில் முயலும் சிங்கமும் சுத்தமான எழுத்தரபிதான் பேசும். வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. அந்தக் குழந்தைக்கு டிவிப் பெட்டியிலிருந்து ஒருத்தர் இறங்கி மதுரையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். நான் ஆலிமாவைப் பார்க்கப் பயந்தேன். அவள் குனிந்து, மிகவும் கம்பீரமான இலக்கணத்தில், சிறுமியே, உன்னைச் சந்திப்பதற்காகவே நான் தொலைதூரத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றாள். குழந்தை கைதட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் யாரோடும் அவள் பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆலிமாவிடம்தான் கேட்பாள். பதிலுக்கு ஒரு முழு வாக்கியம் கிடைக்கும் வரை குடிக்க மாட்டாள்.

டாக்டர் வந்தார். தாளை அம்மா கையில் கொடுத்தோம். அவர் வாய்விட்டுப் படித்தார், கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஆலிமாவும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரிச் சுவரோரம் நின்றோம். அவர் எங்கேயும் தடுமாறவில்லை. முடித்துவிட்டு அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாள் அந்த வாய் வழியாகப் போன இரத்தம், அதை அடைத்த பிறகு எங்கே போகும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் டாக்டர் முகம் மலர்ந்தது. படித்துப் புரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும் என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கையாலேயே காட்டினார்.

“மடையை அடைக்காம விட்டுட்டாப்ல வச்சுக்கங்க. தண்ணி பாஞ்ச வயலுக்கே திரும்பப் போவுது. கடைசி வயலு காயுது. மடையை அடைச்சா தண்ணி போக வேண்டிய இடத்துக்குப் போகும். அம்புட்டுத்தான்.”

மடைக்கு அரபியில் என்ன என்று ஆலிமாவைப் பார்த்தேன். அவளுக்கும் உடனே வரவில்லை. ஆனால் ஓமானில் மலையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பேர் என்பது எனக்குத் தெரியும். ஃபலஜில் ஒரு திறப்பை மூட மறந்துவிட்டால் என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். தன் தோட்டத்தில் கல்லையும் துணியையும் வைத்து அந்தத் திறப்பை அவர் எப்படி அடைப்பார் என்று டாக்டருக்குச் செய்து காட்டினார். டாக்டர் தன் ஊரில் வைக்கோலும் சேறும் வைத்து அடைப்பதைச் செய்து காட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், கொஞ்ச நேரம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை குழந்தையைத் தள்ளுபடுக்கையில் கொண்டுபோனபோது ஆலிமா பக்கத்திலேயே நடந்தாள். ஏதோ ஒரு எறும்பின் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். கதவு வந்துவிட்டது, எறும்பு இன்னும் வீடு சேரவில்லை. மீதியை நீ தூங்கி எழுந்ததும் சொல்கிறேன் என்றாள். நான் உள்ளே போனேன். திரையில் மருந்து பாயும்போது பெருந்தமனியிலிருந்து ஒரு புகை மாதிரி நுரையீரல் பக்கம் ஒழுகுவது தெரிந்தது. டாக்டர் சின்னக் குடை போன்ற அந்தப் பொருளைக் கொண்டுபோய் வாயில் பொருத்தினார். மறுபடி மருந்து பாய்ச்சினார்கள். புகை இல்லை. டாக்டர் மெதுவாக, மடை அடைஞ்சிருச்சு என்றார்.

வெளியே வந்து சொன்னபோது தகப்பனார் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகையை அடக்குகிறார் என்று தெரிந்தது. அம்மா ஆலிமாவின் தோளில் சாய்ந்துகொண்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது அதற்கு அடுத்த நாள். அந்தக் குழந்தையின் முதுகில் கை வைத்தால், தூங்குகிற பூனையைத் தொட்டது போல உள்ளே ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். இரத்தம் அந்தச் சின்ன வாயில் இரைந்துகொண்டு போவதுதான் அது. ஆறு வருடமாகக் கை வைத்துத் தூங்கவைத்த அம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது. மற்ற குழந்தைகளுக்கு அப்படி இருக்காது என்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்ததாம். அன்று காலை அவர் குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். இடம் மாற்றி வைத்தார். டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அந்த அம்மாவின் காதில் மாட்டிவிட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, அது போய்விட்டது, வெறும் இதயம் மட்டும் இருக்கிறது என்றார்.

கிளம்புகிற நாளில் அந்த அம்மா எங்கள் தாளையும் ஒரு பேனாவையும் கேட்டு வாங்கினார். தப்பு கண்டுபிடித்துவிட்டாரோ என்று ஆலிமா என் கையைக் கிள்ளினாள். அவர் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தோம். ‘நோயாளி’ என்று எழுதியிருந்த ஏழு இடத்திலும் அதை அடித்துவிட்டு ‘குழந்தை’ என்று எழுதியிருந்தார். வேறு ஒன்றையும் தொடவில்லை. அவர்கள் போனதும் அந்தப் பிரதியைத்தான் அச்சுக்குக் கொடுத்தோம். இப்போது எங்கள் பிரிவில் கொடுப்பது அதுதான்.

இந்தக் கதையை ஆலிமா தன் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மாணவிகள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை நான் மேலூர் மதரஸாவுக்குப் போனேன். ஸ்டெதாஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்ததும் முப்பது பிள்ளைகளும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். அவள் பலகையில் இதயத்தை வரைந்து, குழாய்களுக்கு இரண்டு நிறத்தில் பேர் எழுதியிருந்தாள். இந்தக் கருவிக்கு அரபியில் என்ன என்று ஒருத்தி கேட்டாள். ஸம்மாஆ, அதாவது கேட்பது என்றாள் ஆலிமா. வரிசையாக வந்தார்கள். ஒருத்தி காதில் மாட்ட, பக்கத்தில் இருந்தவள் நெஞ்சைக் கொடுத்தாள். என்ன கேட்குது என்றதற்கு ஒருத்தி தறி ஓடுது என்றாள், ஒருத்தி யாரோ மாடிப்படி ஏறுறாங்க என்றாள். எப்போதும் தன்னோடு சண்டை போடுகிறவளின் இதயத்தைக் கேட்ட ஒரு பிள்ளை மட்டும், இன்னொரு தடவை கேட்டுக்கிறேன் என்று மறுபடி வைத்துக்கொண்டாள். கடைசிப் பிள்ளை கேட்டு முடித்தபோது, முதலில் கேட்டவர்கள் வரிசையின் பின்னால் போய் மறுபடியும் நின்றுகொண்டிருந்தார்கள்.